கரி நின்றுபோன ஊரில் கலை பார்ப்பது எப்படி: ஜெர்மனியின் ரூர் பகுதிக்கு ஒரு வழிகாட்டி

டார்ட்முண்டிலோ டூசல்டார்ஃபிலோ படிக்க வருகிறவர்களும், சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் ஒரு நாள் எஸ்ஸனுக்குப் போய், சோல்ஃபெரைன் சுரங்கத்தின் இரும்புக் கோபுரத்துக்குக் கீழே நின்று நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ரூர் பகுதியில் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு எதை வைத்துக்கொள்வது, எதை இடிப்பது, எதன் மேல் மண்ணைப் போட்டுப் புல் வளர்ப்பது என்று முடிவானதில் புகைப்படக்காரர்களுக்கும் சிற்பிகளுக்கும் கட்டடக்கலைஞர்களுக்கும் நிறையப் பங்கு உண்டு. அதனால் அங்கே ஒரு சிற்பத்தைப் பார்த்தால், அது எதன் மேல் நிற்கிறது, யார் பணத்தில் நிற்கிறது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நம் கண்ணுக்குப் படாமல் போவது என்ன என்று கேட்டுக்கொள்வது நல்லது. இந்த வழிகாட்டியே அப்படிப் பார்ப்பதற்காகத்தான்.

முதலில் கொஞ்சம் பின்னணி, சுருக்கமாக. 1957 வாக்கில் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள், அதில் பெரும்பகுதி ரூரில். அடுத்த ஆண்டே வீழ்ச்சி தொடங்கிவிட்டது, எண்ணெயும் வெளிநாட்டுக் கரியும் மலிவாக வந்ததால். அப்புறம் அறுபது வருடம் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, 2018 டிசம்பர் 21 அன்று பாட்ராப்பில் இருந்த ப்ராஸ்பர்-ஹானியல் சுரங்கத்தோடு கணக்கு முடிந்தது. கடைசிக் கரித்துண்டை முகத்தில் கரி படிந்த தொழிலாளர்கள் குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையர் கையில் கொடுத்தார்கள். அந்தப் படம் இணையத்தில் கிடைக்கும், ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு தொழிலின் சாவு எப்படிக் காட்சியாக அமைக்கப்படுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும் முன் பழைய படங்களைப் பாருங்கள்

நேரடியாகச் சுரங்கத்துக்குப் போகாதீர்கள், படங்களில் தொடங்குங்கள். 1920களின் கடைசியில் ஆல்பர்ட் ரெங்கர்-பாட்ச் எடுத்த ரூர் நிலக்காட்சிகளில் முன்னால் காய்கறித் தோட்டம், நடுவில் ஒரு வேலி, பின்னால் சுரங்கக் கோபுரம் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஊருக்கும் ஆலைக்கும் நடுவே எல்லையே இல்லை என்பது அந்தப் படங்களில் உடனே தெரிந்துவிடும்.

அடுத்து பெர்ண்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதி. 1959இலிருந்து பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டி, எரிவாயுக் கலன், இரும்பை உருக்கும் ஊதுலை, சுரங்கத் தூக்குக் கோபுரம் என்று ஒவ்வொரு வகையாகத் தேடிப்போய், பெரிய வடிவக் கேமராவில், மேகம் மூடிய நாளில், கொஞ்சம் உயரமான இடத்திலிருந்து நேர்முகமாக எடுத்து, ஒன்பதோ பதினைந்தோ படங்களைக் கட்டம் கட்டமாக மாட்டினார்கள். நிழல் கிடையாது, ஆள் கிடையாது, புகை கூடப் பெரும்பாலும் கிடையாது. 1990 வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் அவர்களுக்குக் கிடைத்த தங்கச் சிங்கம் சிற்பத்துக்கான விருது என்பதைக் கவனியுங்கள், கேமராவால் எடுத்த படங்களுக்குச் சிற்ப விருது! அவர்களுடைய தொகுப்பு கொலோனில் இருக்கும் எஸ்.கே. பண்பாட்டு அறக்கட்டளையின் புகைப்படக் காப்பகத்தில் பராமரிக்கப்படுகிறது. அங்கே என்ன கண்காட்சி நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது ஒரு பயிற்சி. ஒரு கட்டத்தில் இருக்கும் ஒன்பது கோபுரங்களில் இரண்டை எடுத்துக்கொண்டு, இவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்று ஐந்து நிமிடம் பாருங்கள். சக்கரம் எத்தனை, கால்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன, மரமா இரும்பா கான்கிரீட்டா. தூக்கும் இயந்திரம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம்தான் கால் சாயும், ஏனென்றால் கம்பியின் இழுவை அங்கிருந்துதான் வருகிறது. இதைத் தெரிந்துகொண்டால் அப்புறம் ரூரில் எந்தக் கோபுரத்தைப் பார்த்தாலும் இயந்திரக்கூடம் எங்கே இருந்தது என்று நீங்களே சொல்லிவிடலாம், அது இடிக்கப்பட்டு இப்போது அங்கே சூப்பர்மார்க்கெட் இருந்தாலும்கூட.

எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. ஆளே இல்லாத அந்த அழகு உலகம் முழுக்கப் பரவி, இன்று கைவிடப்பட்ட ஆலையைப் படம் எடுக்கும் ஒவ்வொருவரும் ஆள் வந்தால் ஒதுங்கச் சொல்கிறார்கள். பெஹர்களுக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது, நமக்குப் பல நேரம் வெறும் பழக்கம்தான்.

முதல் நிறுத்தம் சோலர்ன், சோல்ஃபெரைன் இல்லை

டார்ட்முண்டின் மேற்கு ஓரத்தில் சோலர்ன் சுரங்கம். செங்கல் முகப்புகளோடு அரண்மனை மாதிரி கட்டியிருப்பார்கள். அதன் இயந்திரக்கூடத்துக்கு ப்ரூனோ மோரிங் வடிவமைத்த வாசல், வண்ணக் கண்ணாடியும் வளைந்த இரும்புமாக அந்தக் காலத்து நவீனக் கலைப்பாணியில் இருக்கிறது. 1960களில் சுரங்கம் மூடிய பிறகு இதை இடிப்பதாக இருந்தது. கலைஞர்களும் அறிஞர்களும் குரல் எழுப்பினார்கள், பெஹர்களும் அதில் இருந்தார்கள், 1969இல் அந்தக் கூடம் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆனது. ஒரு தொழிற்கட்டடத்தையும் கோயில், கோட்டை மாதிரிக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் ஜெர்மனியில் வேர்விட்டது இங்கேதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு வந்தது, அதனால்தான் முதலில் இங்கே வரச் சொல்கிறேன். உள்ளே பளிங்கு மின்பலகையும் பித்தளைக் கருவிகளும் இருக்கின்றன, அந்த நிர்வாகம் யாருக்குக் காட்டிக்கொள்ள இவ்வளவு செலவு செய்தது என்று கேட்டுக்கொண்டே பாருங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், இந்தப் பகுதியில் பல அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை.

சரி, இனி சோல்ஃபெரைன். எஸ்ஸன் ரயில் நிலையத்திலிருந்து 107ஆம் எண் டிராம் வாசலிலேயே விடும். 12ஆம் குழியின் கட்டடங்கள் 1932இல் வேலையைத் தொடங்கின, வடிவமைத்தவர்கள் ஃப்ரிட்ஸ் ஷூப், மார்ட்டின் க்ரெம்மர். நாளுக்கு 12,000 டன் கரி எடுக்கத் திட்டமிட்ட சுரங்கம். 1986இல் மூடப்பட்டது, பக்கத்து கோக் ஆலை (கரியைச் சூளையில் சுட்டு ஊதுலைக்கான எரிபொருளாக்கும் ஆலை) 1993இல், யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது 2001இல். கரி கழுவிய ஆலைக்குள் இப்போது ரூர் அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டடக்கலைஞர் ரெம் கூல்ஹாஸின் அலுவலகம் மாற்றியமைத்த கட்டடம், வெளியே நீளமான ஆரஞ்சு எஸ்கலேட்டர், உள்ளே உருகிய இரும்பு வழிவதுபோல ஒளிரும் படிக்கட்டு. இங்கே நிதானம் வேண்டும். அந்த ஆரஞ்சு நிறம் நெருப்பை நினைவுபடுத்துகிறது, ஆனால் இந்தக் கட்டடத்தில் நெருப்பே இல்லை. இங்கே நடந்தது தண்ணீரில் கல்லையும் கரியையும் பிரிக்கும் வேலை, காது அடைக்கும் சத்தத்திலும் தூசியிலும். நெருப்பு எரிந்தது கோக் ஆலையில், அங்கே நடந்துபோக கால் மணி நேரம்கூட ஆகாது, பெரும்பாலானவர்கள் போவதில்லை. நீங்கள் கட்டாயம் போங்கள். வரிசையாகச் சூளைகள், கறுத்த செங்கல், நடுவில் இரண்டு கப்பல் கன்டெய்னர்களை வெட்டி ஒட்டிச் செய்த நீச்சல்குளம். டிர்க் பாஷ்கே, டானியல் மிலோனிக் என்ற இரு கலைஞர்கள் 2001இல் செய்தது, கோடையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் குதித்துக் குளிக்கிறார்கள். வளாகத்திலேயே எனக்குப் பிடித்த கலைப்பொருள் அதுதான், ஏனென்றால் அதற்கு டிக்கெட் வாங்கிய சுற்றுலாக்காரரைவிட எதிர்த்தெருப் பையன்தான் முக்கியம்.

டூயிஸ்பர்க்கின் நிலக்காட்சிப் பூங்காவுக்கு 903 டிராம். 1985இல் மூடிய இரும்பாலை, பீட்டர் லாட்ஸ் அதைப் பூங்காவாக வடிவமைத்தார், 1994இல் திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, இரவும் திறந்திருக்கும். 5ஆம் ஊதுலையின் உச்சிவரை ஏறலாம். பழைய எரிவாயுக் கலனில் தண்ணீர் நிரப்பி முக்குளிப்பு கற்றுத்தருகிறார்கள். சுவர் இடுக்கில் முளைத்த செடிகளைப் பிடுங்காமல் விட்டதும், கெட்டுப்போன மண்ணை எல்லாம் அள்ளி வேறு ஊருக்கு அனுப்பாமல் அங்கேயே சமாளித்ததும்தான் லாட்ஸ் செய்த பெரிய காரியம், வண்ண விளக்குகள் இல்லை. ஆனால் விளக்கு எரியும் நாளாகப் பார்த்துப் போனால் நல்ல படம் கிடைக்கும், அதையும் மறுக்கமாட்டேன்.

கழிவு மலைகளில் ஏறுவது

ரூர் தட்டையான நிலம். அங்கே நீங்கள் பார்க்கும் மேடுகளில் ஏராளமானவை சுரங்கத்திலிருந்து கரியோடு வந்த கல்லைக் கொட்டிய குவியல்கள். 1989 முதல் 1999 வரை கார்ல் கன்சர் தலைமையில் நடந்த எம்ஷர் பூங்காக் கட்டடக் கண்காட்சி, பெயர்தான் கண்காட்சி, உண்மையில் மாநில அரசு நடத்திய பத்தாண்டு மறுசீரமைப்புத் திட்டம். அந்தக் காலத்திலும் அதற்குப் பின்பும் குவியல் குவியலாக உச்சியில் கலைப்படைப்புகள் ஏறின. ஒரு நாளில் இரண்டு மலைக்கு மேல் ஏறாதீர்கள், எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும்.

பாட்ராப்பில் டெட்ரஹெட்ரன் கோபுரம், 1995, வொல்ஃப்காங் க்ரிஸ்ட். எஃகுக் குழாயில் ஒரு முக்கோணக் கூம்பு, தளங்கள் கம்பியில் தொங்குகின்றன, படி சல்லடை மாதிரி ஓட்டையாக இருப்பதால் காலுக்குக் கீழே தரை தெரியும், காற்றடித்தால் லேசாக ஆடும். உயரம் பயமா, கீழேயே நில்லுங்கள், அவமானம் ஒன்றும் இல்லை. மேலே போனால் கோபுரத்தைப் படம் எடுப்பதை விட்டுவிட்டு, சுற்றிவரப் பார்த்துக் கோக் ஆலை, கால்வாய், நெடுஞ்சாலை, காற்றாலை, குடியிருப்பு என்று ஒரு காகிதத்தில் கோட்டுப்படம் போடுங்கள். மோசமாக வந்தாலும் பரவாயில்லை. கை வரையும்போதுதான் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது மனதில் நிற்கிறது.

எஸ்ஸனின் ஷூரன்பாக் குன்றில் அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 1998இல் நிறுத்திய எஃகுப் பலகை, ஏறத்தாழ 15 மீட்டர் உயரம், 67 டன். சுற்றிலும் ஒரு செடி இல்லை, கறுப்புக் கல்தரை. மற்ற குன்றுகளைப் பச்சையாக்கி மறைத்தபோது இங்கே மட்டும் உச்சியை மொட்டையாகவே விட்டிருக்கிறார்கள், குவியல் குவியலாகவே தெரியட்டும் என்பதுபோல. கீழ்ப்பகுதி முழுக்க இளவட்டங்கள் கிறுக்கியிருப்பார்கள். நெருங்கிப்போய்ப் பக்கவாட்டில் பாருங்கள், அந்த எடைக்கு அது எவ்வளவு மெல்லியது என்பது அங்கிருந்துதான் தெரியும். மாலையில் போவது நல்லது, நிழல் நீண்டு விழும்.

பாட்ராப்பின் ஹானியல் குன்றில் பாஸ்க் நாட்டு ஓவியர் அகஸ்தின் இபர்ரோலா பழைய ரயில் கட்டைகளுக்கு வண்ணம் பூசி வரிசையாக நட்டிருக்கிறார். அதே குன்றில் சிலுவைப் பாதையும் உண்டு, அதன் நிறுத்தங்களில் சுரங்கக் கருவிகள். கடைசிச் சுரங்கத்தின் கழிவு இது. ஆகவே அந்தக் கல்லில் கொஞ்சத்தை 2018 வரை வெட்டி எடுத்திருப்பார்கள் என்ற நினைப்போடு ஏறுங்கள். மூர்ஸ் நகரத்துக் குன்றில் ஒட்டோ பீன செய்த 30 மீட்டர் சுரங்க விளக்கு இருக்கிறது, இருட்டிய பிறகு சரிவு முழுக்கச் சிவப்பு வெளிச்சம். அழகுதான், கொஞ்சம் அதிகமாகவே அழகு. டூயிஸ்பர்க்கின் புலியும் ஆமையும், அதாவது நடந்து ஏறும் ரோலர் கோஸ்டர் சிற்பம், துத்தநாக ஆலைக் கழிவின் மேல் நிற்கிறது. சறுக்குவதற்கு வண்டி கிடையாது, தலைகீழ் வளையத்துக்கு முன்னால் படி முடிந்துவிடும், திரும்பிவர வேண்டியதுதான்.

தண்ணீரைத் தேடுங்கள், அது படத்தில் விழாது

இதுவரை சொன்னதெல்லாம் உயரமானவை. ரூரின் பெரிய கதை கீழே இருக்கிறது. கரியை எடுத்த இடம் இறங்கியதில் சில இடங்களில் தரை 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டது. பம்புகள் ஓடாவிட்டால் பகுதியில் கணிசமான நிலம் ஏரியாகிவிடும். சுரங்கத் தண்ணீரையும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், முடிவே இல்லாமல், அதற்கான செலவுக்கென்று 2007இல் ஒரு அறக்கட்டளையே நிறுவினார்கள். இந்தப் பம்பு நிலையங்களில் எதுவும் சுற்றுலாத் துண்டறிக்கையின் அட்டையில் வருவதில்லை.

நிலம் இறங்கிக்கொண்டே இருந்ததால் மண்ணுக்கடியில் சாக்கடைக் குழாய் போட்டால் உடைந்துவிடும், அதனால் எம்ஷர் ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலாக்கி நூறு வருடத்துக்கு மேல் திறந்த சாக்கடையாக ஓடவிட்டார்கள். 1992இல் மாற்றும் வேலை தொடங்கி, ஏறக்குறைய 550 கோடி யூரோ செலவில், 2021 கடைசியில்தான் ஆறு சாக்கடையிலிருந்து விடுபட்டது. அதன் கரை நெடுக இப்போது ஒரு கலைப்பாதை இருக்கிறது. 2010இல் தொடங்கிய எம்ஷர் கலைக் கண்காட்சிகளில் செய்தவற்றில் பல அங்கேயே நிற்கின்றன. சைக்கிள் வாடகைக்கு எடுத்துப் போவதுதான் வழி. ஓபர்ஹவுசனில் டோபியாஸ் ரெபர்கர் செய்த சுருள்கம்பிப் பாலத்தைக் கடக்கும்போது நடுவில் இறங்கி நின்று பாருங்கள், தரை ரப்பர் மாதிரி அமுங்கும், கால்வாயில் இன்னமும் சரக்குப் படகு போகும். பக்கத்திலேயே 117 மீட்டர் உயர எரிவாயுக் கலன் கண்காட்சிக் கூடமாக இருக்கிறது. கலைஞர் தம்பதி க்ரிஸ்டோவும் ஜான்-க்ளோடும் 1999இல் அதற்குள் 13,000 எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். கரியை ஓரங்கட்டிய எண்ணெயின் பீப்பாய், கரி எரிவாயுவின் கலனுக்குள்!

ஆட்களைப் பார்க்க வேண்டுமானால் தெருவுக்குள் வாருங்கள். ஓபர்ஹவுசனின் ஐசன்ஹைம் 1846இல் தொடங்கிய தொழிலாளர் குடியிருப்பு, 1970களில் இடிக்க வந்தபோது அங்கே குடியிருந்தவர்களே சேர்ந்து தடுத்து நிறுத்தினார்கள். தெருமுனைப் பெட்டிக்கடைகளை ஒரு தொடராகப் படம் எடுத்துப் பாருங்கள், பெஹர் முறையிலேயே, ஒரே தூரம், மேகமான நாள், நேர்முகம். ஆனால் கடைக்காரரையும் படத்தில் நிறுத்துங்கள், கேட்டுவிட்டு. ஜெர்மனியில் ஒருவருடைய முகத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவது சட்டச் சிக்கல். பொதுவெளியில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தையோ கட்டடத்தையோ தெருவிலிருந்து எடுத்து வெளியிடலாம், அதற்குத் தடையில்லை. சோல்ஃபெரைனிலும் டூயிஸ்பர்க் பூங்காவிலும் வணிக நோக்கில் எடுப்பதற்கு முன்அனுமதி வேண்டும், டிரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் அதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரெக்லிங்ஹவுசனுக்கு அரை நாள் ஒதுக்கலாம். 1946-47 கடுங்குளிரில் ஹம்பர்க் நாடகக்காரர்கள் லாரி எடுத்துக்கொண்டு கரி கேட்டு இங்கே வந்தார்கள், தொழிலாளர்கள் போருக்குப் பின் அங்கே ஆண்ட பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பு அதிகாரிகளுக்குத் தெரியாமல் ஏற்றி அனுப்பினார்கள், அடுத்த கோடையில் அந்த நடிகர்கள் திரும்பிவந்து நன்றிக்கு நாடகம் போட்டார்கள். ரூர் நாடக விழா அப்படித்தான் பிறந்தது. 1950இல் அதே ஊரில் போர்க்காலப் பதுங்குகட்டடம் ஒன்றைக் கலைக்கூடமாக்கினார்கள், ரயில் நிலையத்துக்கு எதிரே. சுரங்கம் மூடிய பிறகுதான் ரூருக்குக் கலை வந்தது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

எரிவது இன்னும் நிற்கவில்லை

சுரங்கம் மூடியதும் கரி எரிப்பது முடிந்துவிடவில்லை. ரூரின் வடக்கு ஓரத்தில் டாட்டல்ன் 4 அனல்மின் நிலையம் 2020இல்தான் இயங்கத் தொடங்கியது, கடல் கடந்து வரும் கரியில். கொலோனுக்கு மேற்கே பழுப்பு நிலக்கரி வயல்கள் தனி உலகம், ஆழ்சுரங்கம் இல்லை, ஊரையே தோண்டும் திறந்தவெளிப் பள்ளம். அங்கே காட்சிக் கலையின் மறுபக்கம் இருக்கிறது: எதிர்ப்பின் அடையாளமாக வீட்டு வேலிகளில் மஞ்சள் குறுக்குக் கட்டைகள், போராட்டக்காரர்கள் மரத்தின் மேல் கட்டிய வீடுகள், பள்ளத்துக்காக இடிக்கப்பட்ட ஊர்களில் 2018இல் இம்மராத் தேவாலயத்தை இயந்திரம் கடித்து இழுக்கும் படம், 2023 ஜனவரியில் லூட்சராட்டில் சேற்றில் புதைந்து நின்ற போலீஸ்காரர்களுக்கு நடுவே துறவி வேடத்தில் ஒருவர் உலாவிய வீடியோ. இவற்றை எந்த அருங்காட்சியகமும் கேட்டு வாங்கிச் செய்யவில்லை. குன்றின் மேல் இருக்கும் சிற்பங்களோடு இவற்றையும் சேர்த்து வைத்தால்தான் உங்கள் தொகுப்பு ஒழுங்காக இருக்கும். இண்டனில் 36 மீட்டர் மனித உருவக் கோபுரம் ஒன்று இருக்கிறது, மேலே ஏறினால் பள்ளம் தெரியும். பள்ளத்தைத் தோண்டுவதும் அதைப் பார்க்கக் கோபுரம் வைப்பதும் ஒரே காலத்தில் நடக்கிறது.

தமிழர்களுக்கு என்று ஒரு நிறுத்தம் கடைசியாக. ரூரின் கிழக்கு ஓரத்தில் ஹாம் நகரம், அதன் ஊன்ட்ராப் தொழிற்பேட்டையில் ஈழத்தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில், 2002இல் குடமுழுக்கு நடந்தது. அந்தப் பேட்டைக்குப் பக்கத்திலேயே வெஸ்ட்ஃபாலன் அனல்மின் நிலையம். அங்கே 800 மெகாவாட் அலகு ஒன்று 2014இல் ஓடத் தொடங்கி 2021இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது, கரியை விட்டு விலகும் சட்டத்தின்படி, மூடுவதற்கு எவ்வளவு இழப்பீடு என்று நடந்த முதல் ஏலத்தில். தீர்த்தத் திருவிழா நடப்பது டாட்டல்ன்-ஹாம் கால்வாயில், 1914இல் திறந்த அந்தக் கால்வாய் கரிப் படகுகள் ஓடிய வழி. தேர்த் திருவிழாப் படங்களில் பெரும்பாலும் கோபுரத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பின்னால் இருப்பதை ஒதுக்கிவிடுகிறார்கள், ஊரில் எடுத்த மாதிரி வரட்டும் என்று. நீங்கள் நாலு எட்டு பின்னால் போய், குளிர்விப்புக் கோபுரமும் மின்கம்பியும் சட்டகத்துக்குள் வரும்படி எடுங்கள். கோடையின் தொடக்கத்தில் திருவிழா, தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அன்று பல்லாயிரம் பேர் கூடுவதால் கார் நிறுத்த இடம் கிடைக்காது, சீக்கிரமே போய்விடுங்கள், கருவறைப் பக்கம் கேமராவைத் தூக்குமுன் குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.